தேசியமும் வரலாற்றாய்வும்: திருச்சிராப்பள்ளி தரும் மூன்று சான்றுகள்

ஆகஸ்டுத் திங்கள் வந்ததும் நம் சபைகளில் இருவகை அருளுரைகளைக் கேட்கிறோம். நம் தேசம் தொன்றுதொட்டு ஒன்றாகவே இருந்தது, இடையில் அடிமைப்பட்டது, 1947இல் மீண்டும் எழுந்தது என்பது ஒரு வகை. தேசம் என்பது இவ்வுலகக் காரியம், விசுவாசிகளுக்கு அதில் பங்கில்லை என்பது மற்றொரு வகை. இவை எதிரெதிரானவைபோலத் தோன்றினும் இரண்டிற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. தேசம் என்பது முன்னமே செய்து முடிக்கப்பட்ட ஒரு பொருள் என்றே இரண்டும் கொள்கின்றன. அது எவ்வாறு உருவாயிற்று, எவர் வாயில் பிறந்தது, எவரைச் சேர்த்துக்கொண்டது, எவரை விட்டுவிட்டது என்னும் வினாக்கள் எழுவதே இல்லை.

காலனி ஆட்சியினின்று விடுதலை பெற்ற சமுதாயங்களில் தேசியத்தையும் தேசிய அடையாளத்தையும் வரலாற்றாசிரியர் எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொள்கைகளை மட்டும் அடுக்கிக் கூறுவதில் பயன் அதிகமில்லை. ஆகவே திருச்சிராப்பள்ளியும், காவிரிக்கு அப்பால் அதனை நோக்கி நிற்கும் ஸ்ரீரங்கமும் தரும் மூன்று சான்றுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1801இல் சுவரில் ஒட்டப்பட்ட ஓர் அறிக்கை. இரண்டாவது, 1930இல் கடலை நோக்கிச் சென்ற ஒரு நடைப்பயணம். மூன்றாவது, 1938இல் சென்னையை நோக்கிச் சென்ற மற்றொரு நடைப்பயணம்.

தொடங்குமுன் நம் மொழி நமக்குத் தரும் ஓர் உதவியைக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழிலோ ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு உண்டு. கேட்பவனையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அவனை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. தேசிய இயக்கம் ஒவ்வொன்றும், ‘நாங்கள்’ என்று பேசிவந்த பல கூட்டத்தாரை ‘நாம்’ என்று பேசவைக்க முயலும் முயற்சியே எனலாம். அந்த ‘நாம்’ எப்பொழுது, எதனால், எவர்க்காகச் சொல்லப்பட்டது என்று கேட்பதே வரலாற்றாசிரியனின் வேலை. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

1. அறிஞரிடையே எழுந்த வினாக்கள்

பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882இல் பாரிஸில் ஆற்றிய சொற்பொழிவில், இனமோ மொழியோ சமயமோ நிலப்பரப்போ தனித்து நின்று ஒரு தேசத்தை உண்டாக்குவதில்லை என்று வாதிட்டார். சேர்ந்து நினைவுகூர்வதும், சேர்ந்து சிலவற்றை மறப்பதுமே ஒரு மக்களைத் தேசமாக்குகின்றன என்பது அவர் கருத்து. பின்வந்த ஆய்வாளர் அனைவரும் இக்கருத்தோடு ஏதோ ஒரு வகையில் உரையாடியவர்களே.

1983ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். எர்னஸ்ட் கெல்னர், தொழில் வளர்ச்சி பெற்ற சமுதாயத்திற்கு ஒரே மொழியும் ஒரே கல்விமுறையும் தேவைப்படுவதால் தேசியம் பிறக்கிறது என்றார். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த நூல், பழைமையானவை என நாம் எண்ணும் பல மரபுகள் அண்மைக் காலத்தில் புனையப்பட்டவை எனக் காட்டியது. தென்கிழக்கு ஆசியாவை ஆராய்ந்த பெனடிக்ட் ஆண்டர்சன், ஒருவரையொருவர் ஒருநாளும் காணாத மக்கள் தம்மை ஒரே சமூகமாக மனத்தில் உருவகித்துக்கொள்வதே தேசம் என்றும், அச்சும் செய்தித்தாளும் நாவலும் அதற்கு வழிசெய்தன என்றும் கூறினார். உருவகித்தல் என்பதைப் பொய் என்று அவர் கொள்ளவில்லை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். நம் சபையின் ஒருமைப்பாடும் நாம் கண்ணால் காணாத பலரோடு கொண்ட ஒருமைப்பாடேயன்றோ?

ஆனால் காலனி நாடுகளைச் சேர்ந்த அறிஞருக்கு இவ்விளக்கம் முழுநிறைவு தரவில்லை. பார்த்தா சாட்டர்ஜி 1986இலும் 1993இலும் வெளியிட்ட நூல்களில் ஒரு கூரிய வினாவை எழுப்பினார்: ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஏற்கெனவே வார்த்து வைத்த அச்சுகளில் ஒன்றைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், நாமே உருவகிக்க நமக்கு எஞ்சியது யாது? ஆட்சி, அறிவியல், பொருளாதாரம் ஆகிய புறத் துறைகளில் மேனாட்டாரின் மேன்மையை ஒப்புக்கொண்ட மக்கள், சமயம், மொழி, குடும்பம் ஆகிய அகத் துறையைத் தமக்கே உரியதாகக் காத்துக்கொண்டனர் என்றும், அரசியல் போராட்டம் தொடங்குமுன்னரே தேசியம் அங்கு வேர்கொண்டது என்றும் அவர் விடையளித்தார். இரணஜித் குகாவும் அவரைச் சேர்ந்தோரும் 1982 முதல் வெளியிட்ட அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதிகள், தலைவர்களின் வரலாற்றையே தேசத்தின் வரலாறாக எழுதும் வழக்கத்தைக் கண்டித்தன. சி. ஏ. பெய்லி 1998இல், காலனி ஆட்சிக்கு முன்னரே இந்தியாவின் பல வட்டாரங்களில் நாட்டுப்பற்று ஒன்று இருந்ததென்றும், பிற்காலத் தேசியம் அதன்மீது எழுந்ததென்றும் எழுதினார்.

இக்கொள்கைகளில் எது சரி என்று தேர்வுத்தாளில் எழுதுவதுபோல் முடிவு செய்ய இயலாது. ஒவ்வொன்றும் ஒரு விளக்கைப்போன்றது. சில இடங்களைக் காட்டும், சிலவற்றை இருளில் விடும். இனி நம் ஊரின் சான்றுகளை அவற்றின் ஒளியில் காண்போம்.

2. முதற் சான்று: 1801இன் அறிக்கை

1801 ஜூன் திங்களில், சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரருள் இளையவரான சின்ன மருது ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் ஒரு படி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிற்சுவரிலும், மற்றொரு படி ஸ்ரீரங்கம் கோயிலின் மதிலிலும் ஒட்டப்பட்டன. ஜம்புத் தீபத்தில் வாழும் பல சாதியாரையும் அது விளித்தது. நவாபு அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்தார், அவர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டைக் கைக்கொண்டனர், மக்களிடையே ஒற்றுமை இல்லாமையே இதற்குக் காரணம் என்று அது கூறியது. கும்பினிப் படையில் ஊழியம் செய்யும் நம்மவரையும் எழுமாறு அழைத்தது. படிப்பவர் அதனைப் படியெடுத்துப் பிறருக்கும் அறிவிக்க வேண்டும் என்றும், சுவரிலிருந்து அதனைக் கிழிப்பவன் கொடும்பாவம் செய்தவனாவான் என்றும் முடித்தது.

எழுச்சி நீடிக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 31இல் செய்யப்பட்ட உடன்படிக்கையால் கர்நாடக நவாபின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குச் சென்றது. அக்டோபர் 24இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

இவ்வறிக்கையைத் தேசியத்தின் பிறப்பு எனலாமா? பேராசிரியர் கே. இராசய்யன் 1971இல் வெளியிட்ட நூலில் 1800–1801ஆம் ஆண்டுகளின் தென்னிந்தியக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் எனப் பெயரிட்டார். 1857இன் எழுச்சிக்கே அப்பெயரை வழங்கிவந்தோருக்கு இது ஒரு மறுமொழியாக அமைந்தது. தெற்கையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்னும் குரல் அதில் கேட்கிறது. அதனால் அவர் தந்த சான்றுகளின் மதிப்பு குறைவதில்லை. எனினும் வரலாற்று நூலும் ஒரு காலத்தில், ஒரு தேவையை முன்னிட்டு எழுதப்படுவது என்பதை மறத்தல் கூடாது.

இனி அறிக்கையையே நோக்குவோம். வேதாகமப் பகுதி ஒன்றை ஆராயும்போது, இதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், இது எந்த வாழ்க்கைச் சூழலில் பிறந்தது, எவர் கையால் நமக்கு வந்து சேர்ந்தது என்று வகுப்பில் கேட்கிறோம். அவ்வினாக்களே இங்கும் பொருந்தும்.

முதலாவது, இடம். கோட்டையின் அரண்மனைச் சுவர் அரசதிகாரத்தின் இடம். ஸ்ரீரங்கத்தின் மதில் தெய்வ அதிகாரத்தின் இடம். பழைய உலகில் மக்களை ஒன்றாய்க் கூட்டவல்ல அதிகாரங்கள் இவ்விரண்டே என்பதைச் சின்ன மருது அறிந்திருந்தார். ஆகவேதான் கிழிப்பவனுக்கு அரசதண்டனை கூறப்படவில்லை, பாவம் கூறப்பட்டது.

இரண்டாவது, கருவி. தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இலேயே நிறைவுற்றது. எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் மருதுவின் அழைப்பு அச்சில் ஏறவில்லை. அது கையெழுத்தாய்ச் சுவரில் நின்றது. உரக்கப் படிக்கப்பட்டு, கேட்டவர் வழியாய்ப் பரவ வேண்டியிருந்தது. ஆண்டர்சனின் கொள்கைக்கு இது ஒரு திருத்தமாகும். அச்சு இருத்தல் மட்டும் போதாது, அது எவர் கையில் உள்ளது என்பதும் நோக்கத்தக்கது. அச்சில்லாமலும் பரந்த ஒரு ‘நாம்’ பேசப்படலாம்.

மூன்றாவது, நாடப்பட்ட ஒழுங்கு. அறிக்கை குடிகளின் ஆட்சியைக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பரம்பரை உரிமையைத் திரும்பப் பெறவேண்டும் என்றே கேட்டது. ஆகவே அந்நியரை எதிர்த்தல் என்பதில் அது பிற்காலத் தேசியத்தோடு ஒத்தும், அமைக்க விரும்பிய நாட்டைப் பற்றிய எண்ணத்தில் வேறுபட்டும் நிற்கிறது. பெய்லி கூறிய பழைய நாட்டுப்பற்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நான்காவது, விளிக்கப்பட்டோர். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று பட்டியல் செல்கிறது. முசல்மான்களையும் சேர்த்தமை அக்காலத்திற்குப் பெரிய விரிவு. ஆனால் நான்கு வருணத்திற்கும் அப்பால் நிறுத்தப்பட்ட மக்களுக்கு அப்பட்டியலில் தனிப்பெயர் இல்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கான பொதுச்சட்டம் 1947இல்தான் வந்தது என்பதை நினைத்தால், ஸ்ரீரங்கத்து மதில் எவரை எவ்வளவு அருகில் வரவிட்டிருக்கும் என்னும் வினாவும் எழுகிறது. கிறிஸ்தவர் என்னும் பெயரும் அப்பட்டியலில் இல்லை. சுவார்ட்ஸ் ஐயர் 1762இல் இவ்வூருக்கு வந்து, கோட்டைக்குள் ஆலயம் எழுப்பி, ஒரு சபை வேரூன்றியிருந்த காலம் அது. இம்மௌனத்தைப் பகைமை எனக் கொள்வது தவறு. மௌனம் எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஆயினும் அதனைக் குறித்துக்கொள்ளாமல் கடந்து செல்வதும் தவறே.

ஐந்தாவது, காத்தவர். இவ்வறிக்கை பெரும்பாலும் கும்பினி அரசின் ஆவணங்களின் வழியாகவே நமக்கு எட்டுகிறது. அடக்கியவரின் பெட்டியிலிருந்து அடக்கப்பட்டவரின் குரலை எடுக்க வேண்டியுள்ளது. அரசு ஆவணங்களில் கலகக்காரன், கொள்ளைக்காரன் என்றுள்ள இடங்களை எதிர்த்திசையில் படிக்க வேண்டும் என்று குகா கற்பித்தது இதனால்தான். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் இப்படையெடுப்பில் பங்கு கொண்டவர். அவரே 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் சின்ன மருது என்று அன்போடு எழுதுகிறார். ஆவணத்தில் பகைவன், நினைவில் ஆசிரியன். இரண்டையும் சேர்த்துப் படிப்பவனே வரலாறு எழுதத் தகுதியுடையவன்.

3. இரண்டாம் சான்று: 1930இன் நடைப்பயணம்

1930 ஏப்ரல் 13ஆம் நாள், சி. இராஜகோபாலாச்சாரியார் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் மருத்துவர் தி. சே. சௌ. ராஜன் இல்லத்திலிருந்து வேதாரணியத்தை நோக்கிப் புறப்பட்டனர். தஞ்சை, கும்பகோணம் வழியே சென்று ஏப்ரல் 28இல் வேதாரணியம் சேர்ந்தனர். 30ஆம் நாள் உப்பெடுத்துச் சட்டத்தை மீறித் தலைவர் சிறைப்பட்டார். வழியில் இவர்களுக்கு உணவும் உறைவிடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர் என்று அப்பயணம் பற்றிய நினைவுகள் கூறுகின்றன.

இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் மூவகையாக விளக்குவர். அந்நிய ஆட்சியை எதிர்த்து மக்கள் ஒருமனமாய் எழுந்தனர் என்பது தேசிய வரலாற்றாசிரியரின் விளக்கம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர், பதவிக்கும் செல்வாக்குக்கும் நடந்த போட்டியிலேயே தேசியத்தின் உந்துவிசையைக் கண்டனர். சென்னை மாகாணத்தின் அரசியலைப் பற்றிக் கிறிஸ்தோபர் பேக்கர் 1976இல் வெளியிட்ட நூல் இவ்வகையைச் சார்ந்தது. அடித்தள மக்களை ஆராய்வோரோ, நடந்த நூறுபேரை விட்டு மரத்தில் பொட்டலம் கட்டிய ஆயிரம்பேரை நோக்குவர். அவர்கள் சுதந்திரம் என்பதை என்னவென்று புரிந்துகொண்டனர்? காங்கிரசின் கொள்கைக்காகக் கட்டினார்களா, வழிநடப்பவனுக்குச் சோறிடும் பழைய அறத்துக்காகக் கட்டினார்களா?

இவ்வினா எளிதில் தீராது. ஆனால் உப்பு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதிலிருந்து ஒன்றை அறியலாம். 1801இன் அறிக்கை மக்களைச் சாதி சாதியாகப் பெயர் சொல்லி விளித்தது. உப்போ எவரையும் பெயர் சொல்லி விளிக்கத் தேவையில்லை. பிராமணன் இலையிலும் பறையன் கலயத்திலும் அது உண்டு. வரியும் எல்லார் தலையிலும் விழுந்தது. பட்டியலால் ஆன ‘நாம்’ நுகர்வோராலும் வரி செலுத்துவோராலும் ஆன ‘நாம்’ ஆக மாறுகிறது. நூற்றிருபத்தொன்பது ஆண்டுகளில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுவே. அச்சும் இரயில்பாதையும் பள்ளியும் ஒரே சட்டமும் இம்மாற்றத்திற்குத் துணை நின்றன. அந்நியராட்சி தான் அமைத்த கருவிகளாலேயே தன்னை எதிர்ப்போரை ஒன்றாய்க் கூட்டிற்று.

4. மூன்றாம் சான்று: 1938இன் நடைப்பயணம்

1937இல் இராஜகோபாலாச்சாரியார் சென்னை மாகாணப் பிரதமரானார். ராஜனும் அவர் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள், திருச்சிராப்பள்ளியின் உறையூரிலிருந்து குமாரசாமிப் பிள்ளை தலைமையில் ஏறத்தாழ நூறுபேர் கொண்ட தமிழர் பெரும்படை சென்னையை நோக்கிப் புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் உடன் சென்றனர். 42 நாட்கள் நடந்து செப்டம்பர் 11இல் சென்னையை அடைந்தனர். கடற்கரையில் கூடிய பெருங்கூட்டத்தில் ஈ. வெ. இராமசாமிப் பெரியார் தமிழ்நாடு தமிழருக்கே என்னும் முழக்கத்தை எழுப்பினார். கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் நீக்கப்பட்டது.

எட்டே ஆண்டுகளில் ஒரே ஊரிலிருந்து இரண்டு படைகள் புறப்பட்டன. இரண்டிலும் ஏறத்தாழ நூறுபேர். இரண்டும் கால்நடையாகச் சென்றன. இரண்டும் வழியிலுள்ள ஊர்களில் பேசிச் சென்றன. முதற்படையின் தலைவரே இரண்டாம் படை எதிர்த்த அரசின் தலைவர். போராடும் முறை ஒன்று, வேண்டிய தேசம் வேறு. ஆகவே ஒரு மக்களுக்கு ஒரே தேசிய அடையாளம்தான் இருக்கும், காலம் செல்லச்செல்ல அது முதிரும் என்னும் எண்ணத்தை வரலாற்றாசிரியர் கைவிட்டனர். ஒரே மனிதன் இந்தியனாகவும் தமிழனாகவும் தன் சாதியானாகவும் தன் சமயத்தானாகவும் ஒரே நாளில் பேசக்கூடும். எந்த வேளையில் எந்தப் பெயர் முன்னிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதே ஆய்வுக்குரியது.

மொழியால் ஆன இந்த ‘நாம்’ சிலரை உள்ளே கொணர்ந்தது. முஸ்லிம் லீகைச் சேர்ந்த பி. கலீபுல்லா, தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்று சட்டமன்றத்தில் கூறிக் கட்டாய இந்தியை எதிர்த்தார். 1939இல் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாலமுத்துவும் எளிய குடும்பத்தவர். சாட்டர்ஜி கூறிய அகத் துறை இங்குத் தெளிவாகத் தெரிகிறது. மொழி தாயானாள், அவளுக்காக உயிரையும் தரலாமென்னும் உணர்வு எழுந்தது. சுமதி இராமசாமி 1997இல் வெளியிட்ட நூல் இம்மொழிப்பற்றை ஆராய்ந்து, அது ஒரே குரலில் பேசியதன்று, சமயப் பற்றாகவும் திராவிடப் பற்றாகவும் இந்தியப் பற்றாகவும் பல உருக்கொண்டது என்று காட்டியது.

சிலரை அந்த ‘நாம்’ வெளியிலும் நிறுத்தியது. ஆழ்வார்களின் தமிழை அரையர் சேவையாய் நூற்றாண்டுகளாகக் காத்து வந்த ஸ்ரீரங்கத்து வைணவப் பிராமணர், திராவிட இயக்கத்தின் ‘நாம்’ என்பதில் எங்கே நின்றனர்? கோயிலுக்குள் அத்தமிழைக் கேட்கும் உரிமையே இல்லாதிருந்த மக்களுக்கு அந்தத் தமிழ்ப்பற்று எவ்வாறு தோன்றிற்று? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே கேட்பவன் எந்தக் கட்சிக்கும் இனியவனாக இருக்கமாட்டான். எனினும் உண்மைக்கு அவனே அருகில் நிற்பான்.

கதை அத்துடன் முடியவில்லை. 1956 மே திங்களில் திருச்சிராப்பள்ளியில் கூடிய மாநாட்டில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலில் நிற்பதென முடிவு செய்தது. 1963இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1964 ஜனவரி 25இல் கீழப்பழுவூர்ச் சின்னசாமி இந்த ஊரில்தான் மொழிக்காகத் தீக்குளித்தார். பிரிவினையை விட்டபின்னும் மொழிப்பற்று தணியவில்லை. தனி நாடு வேண்டுதலும் தனி அடையாளம் பேணுதலும் ஒன்றல்ல என்பதை இவ்வாண்டுகள் புலப்படுத்துகின்றன.

5. பிற நாடுகளின் ஒளியில்

நம் நாட்டை மட்டும் நோக்கினால் நம் நிலை இயற்கையானதென்று தோன்றும். ஒப்புநோக்கு அம்மயக்கத்தைத் தீர்க்கும். இந்தோனேசிய இளைஞர் 1928 அக்டோபரில் கூடி ஒரே நாடு, ஒரே இனம், ஒரே மொழி என உறுதி கூறினர். ஆனால் மிகுதியான மக்கள் பேசிய ஜாவா மொழியை அவர்கள் கொள்ளவில்லை. வாணிகத்தில் பலரும் கலந்து பேசிய மலாயையே தேசிய மொழியாகக் கொண்டனர். இலங்கையிலோ 1956இல் பெரும்பான்மையினரின் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாகச் சட்டமாக்கப்பட்டது. அதன் விளைவைத் தமிழர் கண்ணீரோடு அறிவர். விடுதலைக்குப் பின் எவர் மொழி ‘நாம்’ என்பதற்கு மொழியாகும் என்பது எத்துணைப் பெரிய வினா என்பதை இவ்விரு நாடுகளும் உணர்த்துகின்றன.

கென்யாவில் நிலைமை வேறு. மண்ணுக்காகக் காட்டில் போரிட்ட மாவ் மாவ் இயக்கத்தின் மீது ஆங்கிலேயர் விதித்த தடை, 1963இல் விடுதலை வந்த பின்னும் 2003 வரை நீக்கப்படவில்லை. தேசம் ஒற்றுமைக்காகச் சிலரை மறக்கிறது என்று ரெனான் கூறியதற்கு இது சான்று. நம் நாட்டில் மருது சகோதரரின் உருவம் 2004இல் அஞ்சல்தலையில் வந்தது. தூக்கிலிட்டு இருநூறு ஆண்டுகள் கடந்தபின் கிடைத்த இடம் அது. நினைவுகூரப்படும் நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

6. திருப்பணியாளருக்கு இதனால் வரும் கடமை

இவையெல்லாம் நமக்கு ஏன்? நாம் அந்நியர் என்று ஒருவர் கூறும்போது சினந்து, தேசபக்தக் கிறிஸ்தவர்களின் பெயர்களை அடுக்குகிறோம். கே. டி. பால், ஜே. சி. குமரப்பா என்னும் பெயர்கள் போற்றத்தக்கவையே. அசரியா ஆயர் 1910இல் எடின்பரோவில் மிஷனரிமாரிடம் நட்பை வேண்டி ஆற்றிய உரையும், தமிழர் பெரும்படை சென்னை சேர்ந்த அதே 1938இன் டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டையொட்டி இந்தியக் கிறிஸ்தவ அறிஞர் எழுப்பிய வினாக்களும் நம் தேசிய வரலாற்றின் பகுதிகளே. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல், நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களில் உருவானது. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு இந்தியர் ஒருவர், ராஜா மாணிக்கம், ஆயரானது 1956இல்தான். நாட்டின் விடுதலையும் சபையின் விடுதலையும் ஒரே நாளில் வருவதில்லை என்பதை இத்தேதிகள் நமக்குக் கற்பிக்கின்றன.

ஆனால் பெயர்ப்பட்டியல் ஒருவகைத் தற்காப்பே. ‘எங்களையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதோடு அது நின்றுவிடுகிறது. பட்டியலை எழுதியவர் யார், இன்னும் விடுபட்டவர் யார் என்று அது கேட்பதில்லை. இக்கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனை நம் தவற்றினாலேயே கற்றோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் பணி நமக்குத் தரப்பட்டது. பழைய அறிக்கைகளையும் மிஷனரிமாரின் கடிதங்களையும் படித்து, ஆலயம் எழுந்த கதையையும் போதகர்களின் வரிசையையும் முறையாக எழுதினோம். பக்கத்துக்குப் பக்கம் நம் சபை, நம் முன்னோர் என்றே எழுதியிருந்தோம். மலர் வெளியான ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் முதியவர் ஒருவர் வந்து நின்றார். “ஐயரே, நம்ம சபைன்னு எழுதியிருக்கீங்க. எங்க தெரு அதுல இல்லீங்களே” என்றார். அவர் பாட்டனார் அவ்வாலயத்திற்குக் கல் சுமந்தவர். நாம் படித்த கடிதங்களில் கல்லின் விலை இருந்தது. சுமந்தவன் பெயர் இல்லை. நாமும் தேடவில்லை. அம்முதியவர் ஒரே வாக்கியத்தில் ‘நம்ம’ என்றும் ‘எங்க’ என்றும் கூறியதை இன்றும் மறக்க இயலவில்லை. தேசியத்தைப் பற்றிய நூல்கள் பல பக்கங்களில் விளக்குவது அவ்விரு சொற்களின் இடைவெளியையே.

சபைக்குள் சாதிப் பிரிவினை ஒழிய வேண்டும் என்று ஆயர் டானியேல் வில்சன் 1833இல் எழுதியபோது தஞ்சை முதலிய சபைகளில் பலர் பிரிந்து சென்றனர். அவ்வரலாற்றை உடையவர்கள், தேசத்தின் பட்டியலில் விடுபட்டோரைப் பற்றி மட்டும் பேச இயலாது.

ஆகவே இறையியல் மாணவர்க்கும் உடன் போதகர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, உங்கள் சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பூச்சியரிக்குமுன் பாதுகாத்துப் படியெடுங்கள். அவற்றில் வேறெங்கும் காணாத எளிய மக்களின் பெயர்கள் உள்ளன. இரண்டாவது, எழுபது வயது கடந்தோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், விடுதலை வந்த காலத்தைப் பற்றி அவர்களும் அவர்களைப் பெற்றோரும் கூறியவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். தலைவர்களின் பெயர்களைக் கேளாதீர்கள், அரிசியும் துணியும் கூலியும் எப்படியிருந்தன என்று கேளுங்கள். மூன்றாவது, தேச வரலாற்றை மேடையில் கூறும்போது, இதில் ‘நாம்’ என்றவர் யார், ‘நாங்கள்’ என்று வெளியே நின்றவர் யார் என்னும் வினாவைக் கேட்டபின் கூறுங்கள்.

அம்முதியவரின் தெருவுக்கு மறுவாரமே சென்றோம். மூன்று மாதங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் கிடைத்தன. மலர் அச்சாகிவிட்டபடியால் அவற்றைத் தனித்தாளில் அச்சிட்டு ஒவ்வொரு படியிலும் பின்னே ஒட்டினோம். அப்படி ஒட்டிய தாள் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் தலைப்பாக ஒரே சொல்லை இட்டிருந்தோம்: நாம்.